கச்சான் பக்கற் முதல் சீமெந்துக் கல் வரை: செலவுக் கணக்குக் கேள்வி பதில்

கேட்டவர்கள் எல்லாரும் வட இலங்கையில் வன்னிக்குள் சிறிதாகத் தொழில் செய்பவர்கள். இங்கே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை, சந்தை விலை அல்ல.

முறிகண்டியில் இருந்து: கச்சான் (நிலக்கடலை) கிலோ 900 ரூபாவுக்கு வாங்கி, வறுத்து, 100 கிராம் பக்கற் போடுகிறேன். கடைக்கு என்ன விலை சொல்வது?

தங்கச்சி, முதலில் 900 என்பதை மறந்துவிடுங்கள். 10 கிலோ வாங்கினால் 9,000. சுளகில் புடைத்து, சொத்தை பொறுக்கி, வறுத்த பிறகு நிறுத்துப் பாருங்கள். 9 கிலோதான் நிற்கிறது என்றால் உங்கள் கச்சான் கிலோ 1,000 ரூபா. உப்புப் போட முதலே கிலோவுக்கு 100 ரூபா போய்விட்டது. ஒவ்வொரு முறையும் நிறுத்து எழுதுங்கள்.

இனி ஒரு பக்கற்றுக்கு: கச்சான் 100, பையும் லேபிளும் 8, விறகும் கூலியும் 22. உற்பத்திச் செலவு 130. கடைக்கு ஏற்றும் வானுக்கு 10, இது விற்பனைச் செலவு. மொத்தம் 140. உங்களுக்கு 20 ரூபா லாபம் வேண்டும் என்றால் கையில் 160 வர வேண்டும்.

கடைக்காரர் விற்கும் விலையில் 20 வீதம் கேட்கிறார். பலர் 160இன் மேல் 20 வீதம் கூட்டி 192 என்று போடுவார்கள். அவர் 192இல் 20 வீதம் கழித்தால் உங்களுக்கு 153.60தான் வரும். 160ஐ 0.8ஆல் பிரியுங்கள்: 200. அதுதான் விலை. திரும்பி வரும் பழுதான பக்கற்றுகளையும் விற்பனைச் செலவில் எழுதுங்கள்.

பரந்தன்: சீமெந்துக் கல் அறுக்கிறேன். மாதம் எத்தனை கல் விற்றால் நட்டம் இல்லை?

கல் அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் போகிற காசைக் கூட்டுங்கள். இட வாடகை 30,000. இயந்திரம் 3,60,000, 5 வருடம் உழைக்கும் என்றால் மாதத் தேய்மானம் 6,000. ஆக 36,000. விற்கும் விலையில் மணல், சீமெந்து, கூலி, ஏற்றுக்கூலி போக ஒரு கல்லில் 12 ரூபா மிஞ்சினால், 3,000 கல். அதற்குப் பிறகுதான் லாபம்.

மல்லாவி: மிளகாய்த்தூள் செய்கிறோம். நானும் மனைவியும்தான் வேலை. கூலி எழுதத் தேவையில்லைத்தானே?

தேவை. கட்டாயம் தேவை.

மல்லாவி, மறுபடியும்: எழுதினால் விலை கூடும், சனம் வாங்காது.

அண்ணை, எழுதுவது வேறு, விலையை உயர்த்துவது வேறு. வெளி ஆளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை உங்கள் மனைவியின் பெயருக்கு எழுதுங்கள். எழுதிய பிறகு நட்டம் என்று வந்தால், இவ்வளவு நாளும் அவருடைய உழைப்பைத்தான் மலிவாக விற்றிருக்கிறீர்கள்.

ஒட்டுசுட்டான்: மல்லாவி அண்ணை சொல்வது சரி. வீட்டில் இருப்பவர் சும்மா இருக்கும் நேரத்தில்தானே செய்கிறார்?

சும்மா இருக்கும் நேரம் எது? மிளகாய் காயவைத்து, காம்பு கிள்ளி, வறுத்து, ஆலைக்குக் கொண்டுபோய், அடைத்து முடிக்க ஒரு நாள் போகிறது. அறுவடைக் காலத்தில் அதே ஆள் வயலுக்குப் போனால் கூலி கிடைக்கும். நாளைக்குப் பெரிய ஓடர் வந்து இரண்டு பேரை வைத்தால் அவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பீர்கள்? இந்தக் கூலி எழுதாததால் ஓடர் கூடக் கூடக் கடன்பட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுக்குடியிருப்பு: ஊழியருக்குக் கட்டும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) செலவில் வருமா?

வரும். உங்கள் பங்கு ஈபிஎப்புக்கு 12 வீதமும் ஈரிஎப்புக்கு 3 வீதமும். ஈபிஎப்பில் ஊழியரின் 8 வீதம் அவருடைய சம்பளத்தில் கழிவது, அதை இரண்டாம் தரம் கூட்ட வேண்டாம்.

துணுக்காய்: கணக்கு வருடம் முடியும் மார்ச் 31இல் விற்காமல் கிடக்கும் சரக்கை எந்த விலையில் எழுதுவது?

உற்பத்திச் செலவில். கச்சான் பக்கற் என்றால் 130. வான் காசு சேராது, இன்னும் ஏற்றவில்லையே. பழுதாகி, விற்கும் செலவு போக 130இலும் குறைவாகத்தான் கையில் வரும் என்றால் அந்தக் குறைந்த தொகையை எழுதுங்கள்.

விசுவமடு: எத்தனை வீதம் லாபம் வைக்கலாம்?

முதல் பதிலை வாசியுங்கள்.

மாங்குளம்: பொதுவாக எத்தனை வீதம் வைப்பார்கள்?

பொதுவாக என்று ஒன்று இல்லை. செலவை எழுதிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.

முழங்காவில்: வங்கிக் கடன் எடுக்கலாமா?

அது வங்கியில் கேட்க வேண்டியது. போகும்போது மூன்று மாதச் செலவுக் கொப்பியைக் கொண்டுபோங்கள். அதில் வீட்டு ஆட்களின் கூலியும் இருக்கட்டும்.