மேல் வீட்டுக் கோலிக்குண்டு

வணக்கம்.

அடுக்குமாடி வாழ்க்கையைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், பக்கத்து வீட்டாரோடு பழகாமல் இருப்பது இந்தக் காலத்தின் நோய் என்று ஒரு வரி வந்தது. படித்ததிலிருந்து எனக்கு உறுத்தல். நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எதிர் வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எப்போது சளி பிடித்திருக்கிறது, மகனோடு எந்த விஷயத்துக்குச் சண்டை போடுவார் எல்லாம் தெரியும். லிஃப்டில் சந்தித்தால் இரண்டு பேரும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு நிற்போம். இதற்கு உறவு என்று பெயரா, இல்லையா?

இன்னொன்று. மேல் வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் யாரோ கோலிக்குண்டு உருட்டுகிறார்கள். டக், டக், அப்புறம் டகடகவென்று ஓடும். குழந்தைதானே என்று பொறுத்துப் பார்த்தேன். இப்போது குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். கணவர் வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வி.

*

அன்புள்ள வி.,

அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எழுதுகிற வேகத்தில் வந்து விழுந்த வரி. அதை எழுதிய எனக்கே எங்கள் குடியிருப்பில் பாதிப் பேரின் பெயர் தெரியாது.

கோலிக்குண்டை முதலில் பார்த்துவிடுவோம். எங்கள் வீட்டிலும் அதே சத்தம் இருந்தது. எங்கள் கட்டடம் ஐந்து மாடி, நாங்கள் இரண்டாவது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வயதான அம்மா ஒருவர் திறந்தார். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. "உங்களுக்கும் கேட்குதா? நாலாவது மாடிப் பையன்தான்" என்றார். அந்தப் பையனுக்கு வயது இருபத்திரண்டு. அவன் ஐந்தாவது மாடியைக் கைகாட்டினான். ஐந்தாவது மாடிக்காரர் குரலைத் தாழ்த்தி, ராத்திரியில் யாரோ மொட்டைமாடிக்குப் போய்வருகிறார்கள் என்றார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. கடைசியில் பிளம்பர் வந்து பார்த்தார். தொட்டிக்கு ஏறும் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. தொட்டி நிரம்பி வால்வு சட்டென்று மூடும்போது, ஓடிவந்த தண்ணீர் முட்டிக்கொண்டு குழாய் அதிரும். அந்த அதிர்வு சுவர் வழியாக ஐந்து வீட்டுக்கும் இறங்கியிருக்கிறது. ஐந்து வீட்டிலும் இல்லாத ஒரு குழந்தைமேல் வருடக்கணக்காக எல்லோருக்கும் கோபம்.

உங்கள் வீட்டுச் சத்தமும் குழாய்தான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. நிஜமாகவே குழந்தையாகக்கூட இருக்கலாம். ஆனால் கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. பேச்சுக் குரல் காற்றில் வருவது. கனமான சுவர் அதை ஓரளவு தடுத்துவிடும். தரையில் விழும் அடி அப்படி இல்லை. நாற்காலியை இழுத்தால், குதிகாலை ஊன்றி நடந்தால் தளமே மத்தளமாகிவிடும். தூண், சுவர் என்று அது எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. நீர்க்கசிவும் இதே மாதிரிதான்: உங்கள் கூரையில் ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, உறவா இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்து 1950-இல் வெளியிட்டார்கள். அங்கே யாருக்கு எந்த வீடு என்பது காலியாகிற வரிசைப்படி அமைந்தது. நீங்கள் அதிகம் பழகுகிறவர்கள் யார் என்று கேட்டபோது, அடுத்த கதவுக்காரரைச் சொன்னது 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடியில் இருப்பவருக்கு 10 சதவீதம்தான். மறுகோடி என்றாலும் நாலு கதவு தூரம்தான்! மாடிப்படி ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள். மனப்பொருத்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் போலிருக்கிறது.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். 1976-இல் எப்பெசன், க்யோஸ், கொனெச்னி என்ற மூவர் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஓர் அடுக்ககத்தில் நண்பர்கள் யார் என்பதோடு பிடிக்காதவர்கள் யார் என்றும் கேட்டார்கள். பிடிக்காதவர்கள் நண்பர்களைவிடவும் பக்கத்தில் இருந்தார்கள். காரணம் குணமோ கொள்கையோ அல்ல. சத்தம் மாதிரி, நாம் இருக்கும் இடத்தையே கெடுக்கிற காரியங்கள். உங்கள் மேல் வீட்டாரை உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பாருங்கள்.

எனக்கு இதெல்லாம் உறைத்தது வேறு ஒரு சமயத்தில். நாம் மேல் வீட்டைப் பற்றியே பேசுகிறோம். நாமும் யாருக்கோ மேல் வீடு என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை. முதல் மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். ஒருநாள் வந்து, குளியலறைக் கூரையில் ஈரம் இறங்குகிறது, வந்து பார்க்கிறீர்களா என்றார். போனேன். எங்கள் வீட்டின் அதே அறைகள், அதே ஜன்னல்கள், வாழ்க்கை மட்டும் வேறு. குளியலறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உள்ளறை கண்ணில் பட்டது. என் எழுதும் மேசை இருக்கிற இடத்துக்கு நேர் கீழே அவருடைய கட்டில். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதில் மாத்திரை அட்டைகள், ஒரு டார்ச். எழுதி முடித்துத் தினமும் ராத்திரி நான் மர நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன். அது அவர் தலைக்கு மேலே.

"நான் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்குமா?" என்றேன்.

"கேட்கும். அது கேட்டா மணி பன்னிரண்டுன்னு தெரிஞ்சுப்பேன்."

ஆறு வருடமாகக் கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்றைக்கே நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணியை வெட்டி ஒட்டினேன். பத்து நாள் கழித்துக் கார் நிறுத்துகிற இடத்தில் பார்த்து, "என்ன, ஊரில் இல்லையா?" என்று கேட்டார். இருந்தேன் என்றேன். "அப்படியா" என்றார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உங்கள் எதிர் வீட்டுக்காரரின் இருமல் உங்களுக்குத் தெரியும் என்பதும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். நட்பு என்று சொல்ல முடியாது. அந்நியம் என்றும் சொல்ல முடியாது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் பொது இடங்களில் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி எழுதும்போது, எதிரே வருகிறவரைப் பார்த்தோம் என்று காட்டிவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொள்வதை ஒரு மரியாதையாகச் சொன்னார். அவர் தெருவைச் சொன்னார். அடுக்கு வீட்டில் அதே மரியாதை காதுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் ஒருமுறை பெரிய சண்டை. பாத்திரம் பறக்கவில்லை, மற்றதெல்லாம் நடந்தது. மறுநாள் காலை லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மா, "இன்னைக்கு மோட்டார் போட்டாச்சா, தெரியுமா?" என்று கேட்டார். எல்லாம் கேட்டிருக்கும். கேட்காத முகத்தோடு மோட்டாரை விசாரித்தாரே, அதற்காக அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அவர் அன்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்திருந்தால் நான் மாடிப்படி வழியாகவே போய்வரப் பழகியிருப்பேன்.

ஆகவே லிஃப்டில் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவருக்கும் உங்கள் வீட்டைப் பற்றி நிறையத் தெரியும். ஆனால் இருமல் நான்கு நாள் சேர்ந்தாற்போலக் கேட்காவிட்டால், பெயர் தெரியாவிட்டாலும் அழைப்பு மணியை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வாட்ஸப் விஷயத்தில் உங்கள் கணவர் கட்சிதான் நான். குழுவில் "சிலர்" என்று ஆரம்பித்து எழுதுவீர்கள். அந்தச் சிலர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் மேல் வீட்டுக்காரர் சத்தத்தை மறந்துவிட்டு மானத்தைக் காப்பாற்றப் பதில் எழுதுவார். நடுவில் யாராவது கைகூப்பும் பொம்மை போடுவார்கள். நேரில் போவதுதான் சுலபம், பகலில் போங்கள். "உங்க குழந்தை" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ராத்திரி ஒரு சத்தம் வருதே, உங்களுக்கும் கேட்குதா?" என்று கேளுங்கள்.

அவர் மேலே கைகாட்டினால் எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு மேலே எத்தனை மாடி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை.