திருமங்கலமா, மேலூரா, திருப்புவனமா? வீடு – மனை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒத்தக்கடையில் அலுவலகம். மாமனார், மாமியார் எங்களோடு இருக்கிறார்கள். கையிருப்பு, கடன் எல்லாம் சேர்த்து 40 லட்சம் புரட்ட முடியும். மதுரைக்குள் அந்தப் பணத்துக்குத் தனி வீடு அமையவில்லை. அவர் திருமங்கலம் என்கிறார். மேலூரில் என் அக்கா இருக்கிறாள். மாமனார் திருப்புவனத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். எந்த ஊர் சரி?
– வாசகி, பழங்காநத்தம்

பதில்: முதலில் பணக்கணக்கு. 40 லட்சம்தான் மொத்தம் என்றால் வீட்டின் விலை 36 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. 36 லட்சத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த விலை) அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். மிச்சம் பத்திர எழுத்தர், வக்கீல் கருத்துரை, பட்டா மாறுதல், வெள்ளையடிப்பு என்று கரைந்துவிடும். பதிவுச் செலவை வங்கி கடனில் சேர்க்காது. 30 லட்சம் கடன் கிடைத்தாலும் கையில் ரொக்கமாகப் பத்து லட்சம் இருந்தாக வேண்டும். சிற்றூர்களில் இன்னொரு சிக்கல்: வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாக வரும். இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். அதனால் மதிப்பீடு முடியும்வரை பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்து ரிங் ரோடு. கப்பலூரில் பிரிந்து மண்டேலா நகர், விரகனூர் வழியாக உத்தங்குடி வரை ஏறக்குறைய 27 கி.மீ. உங்கள் இருவர் வேலையும் அந்தச் சாலையின் இரண்டு நுனியில் இருக்கிறது. திருமங்கலத்தில் குடியிருந்தால் அவருக்கு ஐந்தாறு கி.மீ., உங்களுக்கு முப்பத்தைந்து. மேலூரில் உங்களுக்குச் சுமார் இருபது, அவருக்கு ஐம்பதை நெருங்கும். திருப்புவனத்திலிருந்து விரகனூர் வந்து பிரிந்தால் அவருக்கு முப்பது, உங்களுக்கு இருபத்தைந்து. கூட்டுத்தொகை திருமங்கலத்துக்குத்தான் குறைவு. ஆனால் சௌகரியம் முழுக்க அவருக்கு, அலைச்சல் முழுக்க உங்களுக்கு. இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

மேலூரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. அக்கா பக்கத்தில் இருப்பது பெரிய பலம்தான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து ஒருவர் லாரிகளுக்கு நடுவே ஐம்பது கி.மீ. பைக் ஓட்டி வருவதை எந்தப் பலமும் ஈடுகட்டாது. மேலூருக்கு ரயிலும் கிடையாது. கார் வைத்திருந்தால் மேலூரில் சிட்டம்பட்டி, திருமங்கலத்தில் கப்பலூர் என இரண்டு பக்கமும் சுங்கச்சாவடி உண்டு. பைக்குக்குக் கட்டணம் இல்லை. சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிப்பவர்களின் சொந்தக் காருக்கு மாதாந்திரப் பாஸ் உண்டு.

மீதி இரண்டில் முடிவெடுக்க ஒரு வேலை நாள் போதும். திங்கட்கிழமை காலை 7.30க்குத் திருமங்கலத்தில் நின்று, மாட்டுத்தாவணி போகும் பேருந்தைப் பிடித்து, அங்கிருந்து மேலூர் பேருந்தில் மாறி, ஒத்தக்கடையில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். தெற்கே இருந்து வரும் தொலைதூர வண்டிகள் ஊருக்குள் வருகின்றனவா, பைபாஸிலேயே போய்விடுகின்றனவா என்பதும் அப்போது தெரியும். மறுநாள் திருப்புவனத்திலிருந்து இதே சோதனை. ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு 'அரை மணி நேரம்தான்' என்று சொல்லும் தரகர் கணக்கு உங்களுக்கு உதவாது. பெரியவர்கள் இருப்பதால் ஒன்று கூடுதலாக: மதுரையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் பல கிழக்கு, வடகிழக்குப் பக்கம் உள்ளன. திருப்புவனத்திலிருந்து நகருக்குள் நுழையாமலே போய்விடலாம்.

ஆனால் ஊரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைகூட இல்லை. இந்த ஊர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே ஊரில் இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முக்கியமாகத் தண்ணீர். மதுரையைச் சுற்றிப் பெரும்பாலும் கடினப் பாறை. வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் நீர். ஒரு வீட்டில் 250 அடியில் ஊறும். நாலு வீடு தள்ளி 700 அடியிலும் புழுதிதான் வரும். விற்பவரிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் மூன்று வீடுகளில் கேளுங்கள்: போர் எத்தனை அடி, கேசிங் (உறைக்குழாய்) எத்தனை அடி இறங்கியது, மோட்டாரை எத்தனை அடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், சித்திரை வைகாசியில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடுகிறது, கடைசியாக எப்போது லாரித் தண்ணீர் வாங்கினார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

பிறகு நீரைச் சோதியுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இல்லாமல் போரிலிருந்தே நேராக, அதே நீரால் மூன்று முறை அலசிய இரண்டு லிட்டர் கேனில் பிடித்து, அன்றே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லை என்றால் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அளவு. கடினத்தன்மைக்கு இதே வரிசையில் 200, 600. ஃபுளோரைடுக்கு 1, 1.5. ஃபுளோரைடை நாக்கு கண்டுபிடிக்காது. பேனா மாதிரி விற்கும் உப்பு மீட்டரும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது. 2000-ஐத் தாண்டிய நீர் என்றால் குடிக்க மட்டுமில்லை, கீசர் காயில், குழாய், தரை ஓடு எல்லாவற்றிலும் உப்புப் படியும். சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கலாம். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். தண்ணீரே குறைவான தெருவில் அது இன்னொரு தலைவலி.

கேள்வி: திருமங்கலம் அருகே ஆறு வருடப் பழைய வீடு. சுவரில் விரிசல் இருக்கிறது. 'வெறும் பூச்சு விரிசல், பட்டி பார்த்தால் போச்சு' என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், திருநகர்

பதில்: விரிசலின் வடிவத்தைச் சொல்லவில்லையே. தலைமுடி போல வலைவலையாகப் பின்னியிருந்தால் அவர் சொல்வது சரி. ஜன்னல் மூலையிலிருந்தோ கதவு நிலையின் மேல் மூலையிலிருந்தோ சாய்வாகக் கிளம்பி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருந்தால் அது அஸ்திவாரம் அசைவதன் அடையாளம்.

திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் நிறையக் கரிசல் உண்டு. கரிசல் மண் மழை குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெயில் காலத்தில் காலி மனையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். வீடும் அதோடு சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். நடுவீட்டு மண் ஈரமாகவே இருக்க, ஓரங்கள் மட்டும் காய்வதால் மூலைகள் இறங்கும்; விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் விரிசல் மூடிக்கிடக்கும். ஆகவே கரிசல் நிலத்து வீட்டைச் சித்திரை, வைகாசியில்தான் பார்க்க வேண்டும். புதிதாக அடித்த பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். கதவு மழைக்காலத்தில் இறுகுகிறதா என்று குடியிருப்பவரிடம் கேளுங்கள். மரம் ஊறினாலும் இறுகும், ஆனால் இரும்பு கேட்டும் இறுகினால் மரத்தின் மேல் பழிபோட முடியாது.

கட்டிய மேஸ்திரியைத் தேடிப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். கரிசலைத் தாண்டி சரளை அல்லது சுக்கான் பாறை வரை தோண்டினார்களா? தோண்டாமல் விட்டிருந்தால் அண்டர் ரீம்டு பைல் (அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்) போட்டார்களா? கரிசல் ஆழமான இடத்தில் பைல் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். அதன்மேல் வரும் பீம் மண்ணில் உட்காராமல் அடியில் சில அங்குலம் இடைவெளி விட்டிருக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் உப்பிப் பெருகும் மண் பீமையே தூக்கிவிடும். 'நாலடி தோண்டிக் கருங்கல் போட்டோம், போதும்' என்று பதில் வந்தால் விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

பைல் இருக்கிறது, விரிசல் லேசுதான் என்றால் பிழைக்க வழி உண்டு. வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம், மாடித் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாய், ஒழுகாத செப்டிக் டேங்க், சுவரை ஒட்டிய வேம்பை அகற்றுவது. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழையும் பாருங்கள். விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார் என்பது எங்களுக்கும் தெரியும்.

கேள்வி: மேலூர் அருகே ஐந்து சென்ட் மனை. 'அப்ரூவ்டு' என்கிறார்கள். கால்வாய் பக்கத்தில் இருப்பதால் தண்ணீர்ப் பஞ்சமே வராதாம். என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், சார்ஜா

பதில்: கால்வாய் என்பது பெரியாறு பிரதானக் கால்வாயா, கண்மாய்க்குப் போகும் வரத்து வாய்க்காலா? பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரை இருபோகம், மேலூர்ப் பகுதி ஒருபோகம். வருடம் முழுக்க நீர் ஓடாது. ஓடாத மாதங்களில் போர்வெல்லும் இறங்கும். வரத்து வாய்க்காலாக இருந்தால் கவலையே வேறு. மழை பெய்யாத வருடங்களில் வாய்க்கால் காணாமல் போயிருக்கும், மனைக்கல் நட்டிருப்பார்கள். பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியிலேயே வரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பத்திரம் போதாது. ஊரில் நம்பகமான ஒருவரை அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) கிராம வரைபடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மனைக்குக் குறுக்கேயோ ஓரத்திலோ ஓடை, வாய்க்கால் கோடு இருக்கிறதா? சர்வே எண் கண்மாய் உள்வாயை ஒட்டியிருக்கிறதா? 'அ' பதிவேட்டில் புறம்போக்கு, கோயில் நிலம், ஆதிதிராவிடர்களுக்கு ஒப்படைத்த நிபந்தனை நிலம் என்று ஏதாவது குறிப்பு உள்ளதா? இருந்தால் பட்டா கையில் இருந்தாலும் தொடாதீர்கள். நஞ்சை என்று இருந்தால் மனையாக மாற்ற அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

'அப்ரூவ்டு' என்ற சொல்லுக்கு மேலூரில் பல அர்த்தம். நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணும், முத்திரையிட்ட வரைபடமும் கேளுங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளுக்கு வரன்முறை (பிற்பாடு அனுமதி தருவது) என்று அரசுத் திட்டம் வந்தது. அந்த ஆணையின் நகல் வேண்டும். மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் நாளை ஒருவர் குறுக்கே வேலி போடுவார்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு எடுங்கள். பதிவாகாத உயில், விட்டுப்போன வாரிசு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு அதில் வராமல் போகலாம். மூலப்பத்திரத்தோடும் வாரிசுச் சான்றோடும் ஒப்பிட்டால்தான் ஓட்டை தெரியும். பவர் பத்திரம் வைத்து விற்கிறார் என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்யவில்லையா என்று உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. சங்கிலி போட்டு அளந்து அந்தக் கணக்கு வருகிறதா பாருங்கள்.

கீழவளவு, அரிட்டாபட்டி போலச் சமணர் படுகை உள்ள குன்றுகளை ஒட்டிய மனை என்றால், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமா என்று விசாரியுங்கள். அப்படியானால் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும்.

கேள்வி: சோழவந்தானில் சித்தப்பா வீடு விலைக்கு வருகிறது. நத்தம் நிலமாம். வயலை ஒட்டி இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: நத்தம் என்றால் ஊரின் குடியிருப்பு நிலம். அதனால் பயப்பட வேண்டாம், நத்தம் பட்டா சித்தப்பா பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உறவுக்குள் வாங்கும்போது யாரும் அளப்பதில்லை. நான்கெல்லையையும் அளந்துவிடுங்கள், அவருடைய பிள்ளைகள் அனைவரையும் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வைகைக் கரை, நஞ்சை மண். போர் சுலபமாக ஊறும். அதற்குரிய வில்லங்கம் வேறு: சுவர் அடியில் ஈரம் ஏறும், செப்டிக் டேங்க் நீர் போரில் கலக்கும். உறிஞ்சுகுழிக்கும் போருக்கும் 50 அடி குறையாமல் இருக்கிறதா பாருங்கள். வாசல் ரோட்டைவிடத் தாழ்வாகப் போய்விட்டதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயரும், வீடு உயராது.

கேள்வி: எய்ம்ஸ், மெட்ரோ எல்லாம் வருவதால் தோப்பூர், திருமங்கலம் பக்கம் இப்போதே கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கிவிடலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். முதல் மாணவர்கள் 2022-இல் சேர்ந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. குடியிருக்க வாங்கினால் இன்றுள்ள பேருந்துக்கும் தண்ணீருக்கும் உரிய விலை கொடுங்கள்.

கேள்வி: திருப்புவனம் சிவகங்கை மாவட்டம் ஆயிற்றே, மதுரையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தொல்லையா?
– வாசகர், அனுப்பானடி

பதில்: வேலைக்கும் பள்ளிக்கும் தொல்லை இல்லை. பட்டாவுக்குத் திருப்புவனம் வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியரைப் பார்க்கச் சிவகங்கை. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், ஆதார் முகவரி மூன்றையும் மாற்ற வேண்டும். குடியேறிய முதல் மாதத்திலேயே ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள்; மற்ற இரண்டுக்கும் முகவரிச் சான்றாக அது கைகொடுக்கும்.