சிலந்தியை வைத்து எடுக்கும் திகில் படங்களை ஏன் இவ்வளவு பேர் விரும்பிப் பார்க்கிறார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த படவகை இது. காரணம் கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் எங்கள் அப்பத்தா வீடு.

பத்து வயதிருக்கும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக வீட்டைத் திறந்திருந்தார்கள். ராத்திரி வளவுப் பத்தியில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பாய் விரித்துப் படுத்திருந்தேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் தெரியுமல்லவா, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது, தொட்டால் வழுக்கும். அந்த வெள்ளையில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. தட்டையான பழுப்பு உடம்பு, அதன் அடியில் வட்டமாக வெளுப்பாய் ஒரு முட்டைப்பை. அசையவே இல்லை. அப்பத்தாவைக் கூப்பிடத் தலையைத் திருப்பினேன். மறுபடி பார்த்தால் வெறும் சுவர்.

"அது கரப்பான் திங்கிற பூச்சிய்யா, ஒன்னை என்ன செய்யப் போகுது, படு" என்றார் அப்பத்தா. சரிதான், அந்த வகை வலைகூடக் கட்டாது, ராத்திரியில் ஓடிப் பிடித்துத்தான் தின்னும். ஆனால் சுவரில் இருந்தவரை நான் பயப்படவில்லை. காணாமல் போன பிறகுதான் தலையணை, போர்வை மடிப்பு, தூண் மறைவு எல்லாமே அது இருக்கக்கூடிய இடமாகிவிட்டது.

நல்ல சிலந்திப் படம் செய்வது இதைத்தான். 1990இல் வந்த 'அராக்னோபோபியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதிலிருந்தே சிலந்திக்குப் பயந்த ஒரு டாக்டர், சின்ன ஊரில் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். அதில் ஒரு செருப்புக்குள் சிலந்தி இருப்பது நமக்குத் தெரியும், காலை விடப் போகிறவருக்குத் தெரியாது. அந்தச் சில நொடிகள் போதும், நம் கால்விரல்கள் தாமாகவே மடங்கும். இத்தனைக்கும் படத்தில் நடித்தவை பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த, மனிதருக்குத் தீங்கு செய்யாத நிஜச் சிலந்திகள்.

அதனால்தான் வீடளவு சிலந்தி வரும் படங்கள் என்னை அவ்வளவாக இழுப்பதில்லை. 1955இலேயே 'டரான்டுலா'வில் அதைச் செய்துவிட்டார்கள். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், ஆனால் மலையளவு இருப்பது செருப்புக்குள் ஒளிய முடியாதே. பிரெஞ்சுக்காரர்கள் 2023இல் எடுத்த 'வெர்மின்' கொஞ்சம் வேறு. சின்னதாகத் தொடங்கி, ஒரு அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பெருகி, அப்புறம் உருவமும் பெருக்கிறது.

நமக்கு இது புதிய கதையும் இல்லை. திருவானைக்காவில் லிங்கத்துக்கு மேல் வலைப்பந்தல் போட்ட சிலந்தி, அதைத் தினமும் அறுத்த யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடித்துக் கொன்றதை அப்பத்தா சொல்லும்போது, யானை துதிக்கையைத் தரையில் அடிக்கும் இடத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

முதல்முறை பார்ப்பவர்கள் 'அராக்னோபோபியா'விலிருந்தே தொடங்குங்கள். ராத்திரியில், காலைத் தரையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.