எது வலிய அமிலம்? கரிம வேதியியல் கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): பீனால் புரோட்டானை இழந்து உருவாகும் பீனாக்சைடு அயனிக்கு உடனிசைவு அமைப்புகள் (சுமை அணுக்களிடையே பரவுவதைக் காட்டும் அமைப்புகள்) அதிகம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றிலிருந்து வரும் கார்பாக்சிலேட் அயனிக்கு இரண்டுதான். அப்படியிருந்தும் அசிட்டிக் அமிலம் பீனாலைவிட வலியதாக இருப்பது ஏன்?

பதில்: அமைப்புகளை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். அயனி எவ்வளவு நிலையானதோ அவ்வளவு வலியது அமிலம், எனவே எதிர்மின்சுமை எந்த அணுவின் மேல் உட்காருகிறது என்று பாருங்கள். கார்பாக்சிலேட்டின் இரண்டு அமைப்புகளும் சமமானவை. இரண்டிலும் சுமை ஆக்சிஜன் மேல்தான். பீனாக்சைடில் மூன்று அமைப்புகளில் சுமை கார்பனுக்குப் போகிறது, வளையத்தின் அரோமேட்டிக் தன்மையும் அங்கே குலைகிறது. அவற்றின் பங்கு சிறிது. அமில வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்பு அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, பீனாலுக்குச் சுமார் 10. பிகேஏ ஒன்று கூடினால் வலிமை பத்து மடங்கு குறையும். ஆகவே இங்கே வித்தியாசம் லட்சம் மடங்குக்கும் மேல். எத்தனாலுக்கு 16: அதன் அயனியில் சுமை ஒரே ஆக்சிஜனில் அடைபட்டுக் கிடக்கிறது.

கேள்வி: ஆர்த்தோ, மெட்டா, பாரா நைட்ரோபீனால்களின் (நைட்ரோ தொகுதி முறையே OH-க்கு அடுத்த, ஒன்று தள்ளிய, எதிர்க் கார்பனில் உள்ளவை) அமில வலிமை வரிசை?

பதில்: வலியதிலிருந்து பிகேஏ: பாரா 7.15, ஆர்த்தோ 7.23, மெட்டா 8.36. மெட்டாவில் தூண்டல் விளைவு (பிணைப்புகள் வழியாக எலக்ட்ரானை இழுப்பது) மட்டுமே. சுமை நைட்ரோ தொகுதிக்குள் பரவ வழியில்லை. ஆர்த்தோவில் மூலக்கூறுக்குள்ளேயே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு புரோட்டானைப் பிடித்து வைப்பதால் பாராவைவிடச் சற்றே பின்தங்குகிறது.

கேள்வி (பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு): பென்சாயிக் அமிலம், 2-நாப்தால், நாப்தலீன் கலவையைப் பிரித்தேன் சார். அமிலத்தோடு நாப்தாலும் சேர்ந்தே வந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: சோடியம் ஹைட்ராக்சைடை முதலில் ஊற்றியிருப்பீர்கள். அது வலிய காரம், பிகேஏ 4.2 உள்ள பென்சாயிக் அமிலம், 9.5 உள்ள நாப்தால் இரண்டையுமே நீர் அடுக்குக்கு இழுத்துவிடும். முதலில் வலிமை குறைந்த காரமான சோடியம் பைகார்பனேட்தான். கார்பானிக் அமிலத்தின் பிகேஏ 6.35, அதைவிட வலிய அமிலம் மட்டுமே பைகார்பனேட்டில் கணிசமாகக் கரையும்.

வகைக்கு 1 கிராம் என்றால் 30 மி.லி. ஈதரில் கரையுங்கள். பக்கத்தில் தீ கூடாது. பிரிபுனலில் 5 சதவீத பைகார்பனேட் கரைசல் 20 மி.லி. வீதம் இரண்டு முறை. மூடும் முன் மெதுவாகச் சுழற்றி வாயுவை வெளியேற விடுங்கள். பிறகும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலைகீழாகப் பிடித்துக் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். இல்லாவிட்டால் மூடி தெறிக்கும். அடுத்து 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, அதே அளவு, அதே இரண்டு முறை. ஈதரில் மிஞ்சுவது நாப்தலீன்.

பைகார்பனேட் அடுக்கில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, பெரிய பீக்கரில் விடுங்கள், நுரை பொங்கும். நீல லிட்மஸ் நன்றாகச் சிவக்கும் வரை நிறுத்த வேண்டாம். பலருக்கு விளைச்சல் குறைவது இங்கேதான். பென்சாயிக் அமிலம் 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 3.4 கிராம் கரையும் என்பதால், வடிகட்டும் முன் பனிக்கட்டியில் குளிர வையுங்கள்.

கேள்வி: பைகார்பனேட்டில் நுரைத்தாலே கார்பாக்சிலிக் அமிலம் என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. 2,4-டைநைட்ரோபீனால் (4.1), பிக்ரிக் அமிலம் (0.4) இரண்டும் நுரைக்கும். கழுவாத சோதனைக்குழாயில் ஒட்டியிருக்கும் கனிம அமிலமும் நுரைக்கும். மறுபக்கம், கட்டியாகப் போட்ட பென்சாயிக் அமிலம் மெதுவாகத்தான் குமிழ் விடும், பொடித்துப் போடுங்கள். எத்தனாலும் சில சொட்டு அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, எஸ்டரின் பழ வாசனை வருகிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

கேள்வி: குளோரின் எந்தக் கார்பனில் இருந்தாலும் அமிலத்தன்மை ஒரே அளவு கூடுமா?

பதில்: இல்லை. பியூட்டனாயிக் அமிலம் 4.82. குளோரின் 2-ஆம் கார்பனில் இருந்தால் 2.86, 3-இல் 4.05, 4-இல் 4.52. தூரம் கூடக் கூடத் தூண்டல் விளைவு இப்படித் தேய்ந்துவிடும்.

கேள்வி: முனைய ஆல்கைனின் (சங்கிலியின் முனையில் முப்பிணைப்பு உள்ளது) புரோட்டானை எடுக்கச் சோடியம் ஹைட்ராக்சைடு போதாதா?

பதில்: போதாது. ஆல்கைனின் பிகேஏ 25, நீருக்கு 15.7. உருவாகும் அயனி நீரிலிருந்தே புரோட்டானைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். அம்மோனியாவின் பிகேஏ 38, எனவே அதன் சோடியம் உப்பான சோடமைடு வேலை செய்யும். ஈரம் படாமல் வையுங்கள். பழசாகி மஞ்சளோ பழுப்போ ஆன சோடமைடு வெடிக்கக்கூடியது, அதைத் தொடாமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.