கூண்டின் மூலையில் உறுமும் நாய்

கேள்வி: எங்கள் விலங்குக் காப்பகத்துக்கு இரண்டு வயதிருக்கும் நாட்டு நாய் ஒன்று வந்திருக்கிறது. எந்நேரமும் கூண்டு மூலையில் ஒண்டிக் கிடக்கிறது. கிட்டே போனால் உறுமுகிறது. பிஸ்கட்டைக் கையில் வைத்து நீட்டிய ஒருவரை நேற்று கடித்துவிட்டது. எப்படிப் பழக்குவது?
— வாசகி, திருச்சி

பதில்: முதலில் கடிபட்டவரைக் கவனியுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ரத்தம் வந்திருந்தால், வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. இன்னும் போகவில்லையென்றால் இன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாயைப் 10 நாள் தனியாக வைத்துக் கவனியுங்கள். எச்சில் வழிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, குரல் மாறினாலோ யாரும் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அந்த 10 நாளில் அதற்கு ஒளிய ஓர் இடம் கொடுங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்த பெரிய மரப்பெட்டி போதும். கூண்டின் முன்புறத்தில் பாதியைத் துணியால் மறையுங்கள். நாய் உள்ளே இருக்கும்போது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவே கூடாது.

பழக்கும் வேலை தூரத்தில் தொடங்குகிறது. உங்களைப் பார்த்த பிறகும் நாய் எந்தத் தூரத்தில் சாப்பிடுகிறதோ, அங்கேயே நில்லுங்கள். பக்கவாட்டாகத் திரும்பி நில்லுங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். நாய் உங்களைப் பார்த்ததும், உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் பட்டாணி அளவில் கிள்ளி, அதன் பின்பக்கம் விழுமாறு போடுங்கள். பிறகு போய்விடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை போதும். முதலில் ஆள், அடுத்து கறி என்ற வரிசை மாறக்கூடாது. பொட்டலம் சரசரத்த பிறகு ஆள் வந்தால், அந்தச் சத்தமே நாய்க்கு ஆபத்தின் அறிகுறியாகிவிடும்.

கையில் வைத்து நீட்டுவது காப்பகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. பசி நாயை முன்னே இழுக்கும். வாயில் கவ்விய பிறகுதான் இவ்வளவு கிட்டே வந்துவிட்டோம் என்று அதற்கு உறைக்கும், உடனே கடிக்கும். பின்னால் போட்டால் கறியும் கிடைக்கிறது, உங்களை விட்டு விலகவும் முடிகிறது. சில நாளில் அதுவாகவே திரும்பி வந்து உங்களைப் பார்க்கும். அடுத்த அரை அடியை அப்போது எடுத்து வையுங்கள்.

உறுமினால் அதட்டாதீர்கள், தயவுசெய்து. உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, உடல் விறைப்பது எல்லாவற்றையும் நாம் கவனிக்காமல் விட்ட பிறகுதான் பெரும்பாலும் உறுமல் வருகிறது. அதட்டினால் உறுமல் நிற்கலாம், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கலாம்.

காதுப் புண், உடைந்த பல், இடுப்பு வலி, உண்ணிக் காய்ச்சல் இருந்தாலும் நாய் கடிக்கும். அமுக்கிப் பிடித்துச் சோதிக்காமல், பதற்றத்தைத் தணிக்கும் கபாபென்டின் போன்ற மருந்தை முன்கூட்டியே தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வாய்ப்பூட்டு போடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: போடலாம், கூடை வடிவத்தில் உள்ளதை மட்டும். வாயை இறுக்கும் துணிப் பூட்டில் நாய் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியாது, நம் வெயிலில் உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் கொஞ்சம் தயிர் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். தயங்காமல் நுழைக்கப் பழகிய பிறகே வாரைப் பூட்டுங்கள், முதலில் சில நொடிகள் மட்டும்.

கேள்வி: எப்போது தத்துக் கொடுக்கலாம்?
— வாசகர், கோவை

பதில்: பராமரிப்பவரிடம் வாலாட்டுவது மட்டும் போதாது. முன்பின் அறியாத ஆண், பெண் பலர் வந்து நின்றும் உடல் தளர்ந்து சாப்பிடுகிறதா என்று பாருங்கள். கடித்த விவரத்தை எழுத்தில் கொடுங்கள். சிறு குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். சில நாய்கள் ஓரிருவரை மட்டுமே ஏற்கும். அவற்றைக் காப்பகத்திலேயே, அதே ஆட்களின் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.