நெற்கதிரைக் கொறிக்கும் சில்லைகள்: புள்ளியும் கருந்தலையும்

கேள்வி: பால் பிடித்த நெல்லில் இரண்டு விதச் சிறு குருவிகள் கூட்டமாக விழுகின்றன. ஒன்றுக்கு மார்பில் புள்ளி, இன்னொன்றுக்குத் தலை கறுப்பு. ஆணும் பெண்ணும்தான் என்கிறார்கள். சரியா? எப்படி விரட்டுவது?

பதில்: ஆண், பெண் இல்லை, இரண்டும் தனித்தனி இனங்கள். இரண்டிலுமே ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும்.

புள்ளிச் சில்லைக்கு முகமும் முதுகும் பழுப்பு. வெள்ளை வயிற்றில் மீன் செதில் போட்டதுபோல் கோடுகள். அலகு கருஞ்சாம்பல். கருந்தலைச் சில்லைக்குத் தலையும் கழுத்தும் கறுப்பு, முதுகு செம்பழுப்பு, மார்பும் விலாவும் வெள்ளை, அடிவயிறு மறுபடி கறுப்பு. தடித்த அலகு வெளிர்நீலச் சாம்பல். இரண்டின் குஞ்சுகளும் வெறும் பழுப்பாக இருப்பதால் மூன்றாவது இனம் என்று எண்ண வேண்டாம்.

இந்த வேறுபாடு எதற்கு உதவும் என்றால், காவலை எந்த வரப்பில் போடுவது என்று முடிவு செய்ய. புள்ளிச் சில்லை முட்புதரிலும் மரத்திலும் கூடு கட்டும். கருந்தலைச் சில்லைக்கு நாணல், சம்பு, உயரமான புல், கரும்பு வேண்டும். ஆகவே முதலாவது வேலிப்பக்கமிருந்தும் இரண்டாவது வாய்க்கால் பக்கமிருந்தும் நுழைவதே வழக்கம். மேயும்போது கலந்துவிடும்.

சேதம் குருவியால்தானா என்று முதலில் பாருங்கள். உமி நசுங்கி, மேலே வெண்பால் காய்ந்திருந்தால் சில்லைதான். உமி முழுசாக, பழுப்புப் புள்ளியோடு பதராகியிருந்தால் நெல்மணியின் பாலை உறிஞ்சும் கதிர்நாவாய்ப்பூச்சி. அதற்குக் குருவி விரட்டும் மினுக்கு ரிப்பன் கட்டிப் பயனில்லை.

வயலில் குதிரைவாலிக் களை இருந்தால் விதை பிடிக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். அது நெல்லுக்கு முந்தி முற்றிக் கூட்டத்தை அழைத்துவிடும்; வந்தவை பிறகு நெல்லுக்கு மாறும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மினுக்கு ரிப்பனைப் பால் பிடிக்கத் தொடங்கும் நாளில் கட்டினால் போதும். முன்கூட்டியே கட்டினால் பழகிவிடும். கதிருக்கு ஓரடி மேலே, முறுக்கி, வரிசைக்கு வரிசை 3 மீட்டர் விடுங்கள். காலையிலும் மாலையிலும் ஆள் நின்று சத்தம் கொடுத்தால்தான் அது பலிக்கும்.

விஷம் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மற்றப் பறவைகளும் சாகும். விதைநெல் போன்ற சிறு பரப்புக்கு வலை நல்லது: கண் 2 செ.மீ.க்கு மிகாமல், கதிரில் படாமல், விறைப்பாக. தொய்ந்தால் குருவி சிக்கிக்கொள்ளும், தினம் இருமுறை பார்த்து விடுவியுங்கள்.