ஒரு நாளை எதை நம்பி ஓட்டுறது?

பாளையங்கோட்டையிலிருந்து போன அக்டோபரில் ஜெர்மனிக்கு, டோர்ட்முண்டுக்கு, வேலைக்கு வந்த தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, வேலை நல்லாருக்கு, சம்பளமும் நல்லாருக்கு. ஆனா சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிருது. இன்னைக்கும் நாளைக்கும் வித்தியாசமே தெரியல. ஆடி மாசம் லீவுக்கு ஊருக்கு வர்ற நாளைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன். வருசக்கணக்கா இங்க இருக்கீங்களே, ஒரு நாளை எதை நம்பி ஓட்டுறீங்க?"

தம்பி, நான் இப்போது பொங்கலுக்கு வந்து அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு இங்கே இருந்து பதில் சொல்வதும் நல்லதுதான். நீங்கள் எதைத் தொலைத்துவிட்டதாக நினைக்கிறீர்களோ, அதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது.

முந்தாநாள் வீட்டில் சிறுகிழங்கு உரித்தோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது என்ன பாடு படுத்தும் என்று. கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, முற்றத்துத் தரையில் போட்டு உருட்டித் தேய்த்தால் பாதித் தோல் போகும். மிச்சத்தை உட்கார்ந்து சுரண்ட வேண்டும். விரல் நகமெல்லாம் கறுத்துவிடும், நாலு நாளைக்குப் போகாது. அம்மா, சித்தி, மதினி, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்தார்கள். அந்தப் பொரியல் இலையில் விழும்போது வருகிற மண்வாசம் வேறு எந்தக் கிழங்குக்கும் கிடையாது. மார்கழி, தை விட்டால் சந்தையில் தேடினாலும் கிடைக்காது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. ஊரில் இருந்தபோது நம் சந்தோஷங்கள் எதுவும் தானாக வரவில்லை தம்பி. எல்லாவற்றையும் யாரோ ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். சந்தைக்குப் போய்க் கிழங்கு வாங்கியது ஒருவர், சாக்கு தேடியது ஒருவர், சுரண்டியது நாலு பேர். நமக்கு இலை முன்னால் உட்காருவது மட்டும்தான் வேலை. டவுனில் சாயங்காலம் 5 மணிக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் வரிசை கூடுவதும், சூடாக 100 கிராம் அல்வாவை இலையில் வாங்கி நின்றபடியே வழித்துத் தின்பதும், பக்கத்தில் சிநேகிதன் ஒருத்தன் இருப்பதும் நாம் திட்டம் போட்டுச் செய்ததா என்ன? அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் இருந்தோம், அவ்வளவுதான். டோர்ட்முண்டில் உங்களுக்காக யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. நாள் வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். ஊர் மோசமும் இல்லை, உங்கள் மனசும் மோசமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் சித்தப்பா மகனுக்கு இங்கே ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நேற்று படித்துறைக்குக் கூப்பிட்டால், "ஆத்துக்குப் போயி எந்தக் காலமாச்சுண்ணே" என்கிறான். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர், தை மாசத்துக் காலையில் முதல் முங்குக்கு மூச்சை நிறுத்திவிடும். மூன்றாவது முங்குக்கு வெளியே நிற்பதுதான் குளிரும். படியில் காலை வைத்தால் பொடி மீன் வந்து கொத்துகிறது. துவைக்கிற கல்லில் சோப்பு வாசம். அவன் ஒரு மணி நேரம் ஏறி வரவே இல்லை. தாமிரபரணி அவன் வீட்டுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் ஓடுகிறது, ஆனாலும் ஒருத்தர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சரி, டோர்ட்முண்டுக்கு வருவோம். நம்மூரில் வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி நேரம்தான். அதனால் நம் சந்தோஷங்கள் பெரும்பாலும் கடிகாரத்தோடு கட்டியவை: காலையில் ஆற்றுக் குளியல், நாலு மணிக் காப்பி, சாயங்காலம் டவுன். டோர்ட்முண்டில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூடத் தேறாது. ஜூனில் பதினாறரை மணி நேரம், ராத்திரி 9:45-க்கும் வெயில் இருக்கும். அங்கே நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் குளிர்காலத்தில் கை வழுக்கிவிடும். மாதத்தைப் பிடிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

கவனித்துப் பாருங்கள். குளிருக்கு மூடிக் கிடந்த இத்தாலிக்காரர்களின் ஐஸ்கிரீம் கடைகள் பிப்ரவரி, மார்ச்சில் ஒவ்வொன்றாகத் திறக்கும். முதல் வெயில் அடிக்கிற அன்றைக்கு, கோட்டைக் கழற்றாமலே ஆட்கள் வெளியே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சூரியனுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் போய் உட்காருங்கள். மாலை நாலரைக்கு இருட்டுகிற குளிர்காலத்தைத் தாண்டி வந்தவனுக்கு மட்டுமே அந்த வெயிலின் ருசி தெரியும். நெல்லை வெயிலில் வளர்ந்த எனக்கு வெயில் ஒரு சந்தோஷமாக இருக்கும் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. ஏப்ரல் நடுவில் ரோட்டோரக் குடில்களில் ஷ்பார்கல் என்கிற வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு விற்பனைக்கு வரும். ஜூன் 24 வரைக்கும்தான் அறுவடை. அதற்குமேல் வெட்டினால் செடிக்கு அடுத்த வருசத்துக்குத் தெம்பு இருக்காது என்று நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்தப் பத்து வாரமும் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. சிறுகிழங்குக்கு நாம் அலைவதைப் போலவேதான். ஜூனில் தோட்டத்துக்கே போய் ஸ்ட்ராபெரி பறித்து, எடை போட்டு வாங்கலாம். பறிக்கும்போது தின்பதற்குப் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அதுவரைக்கும் என்ன செய்வது என்றுதானே கேட்பீர்கள்? இரண்டு ஏற்பாடு சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பக்கத்தில் கட்டாயம் ஒரு ட்ரிங்க்ஹாலே இருக்கும். டோர்ட்முண்ட் இருக்கிற ரூர் பகுதி முழுக்க அந்தச் சின்ன ஜன்னல் கடைகள் உண்டு. சுரங்கமும் உருக்காலையும் இருந்த காலத்தில் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் விற்க வந்தவை. இப்போது பேப்பர், சிகரெட், பால், குழந்தைகளுக்குக் காசுக்குத் தக்கபடி கலந்து கட்டிக் கொடுக்கிற மிட்டாய்ப் பை எல்லாம் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் மெஷினில் நீங்களே பில் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு ஆளிடமும் பேசாமல் ஒரு நாள் முடிந்துபோகும். வேலை விட்டு வரும்போது தினமும் ஒரே நேரத்துக்கு அந்த ஜன்னலுக்குப் போய் ஏதாவது ஒன்று வாங்குங்கள். மொழி தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. கொஞ்ச நாளில் நீங்கள் வாய் திறக்கும் முன்னே அவர் எடுத்து வைப்பார். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் "நேற்று காணோமே" என்பார். ஒரு ஊரில் நம்மைக் காணோம் என்று கேட்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

இரண்டாவது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எப்படியாவது 20 நிமிடம் வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும். குளிர்காலத்தில் வேலைக்குப் போவதும் இருட்டு, வருவதும் இருட்டு என்றால் பகல் வெளிச்சமே உடம்பில் படாது, மனசும் சோர்ந்துபோகும். இப்போது அங்கே மதியம் 12:30 என்றால் நம்மூரில் மாலை 5 மணி. அம்மா காப்பி டம்ளரோடு திண்ணையில் உட்காருகிற நேரம். நடந்துகொண்டே கூப்பிடுங்கள். பெரிய சேதி வேண்டாம். இன்னைக்கு என்ன குழம்பு, மழை உண்டுமா, எதிர்வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், இவ்வளவு போதும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிவிட்டால் ஒரு மணி நேரம் தள்ளிக் கூப்பிட வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்து, பல வாரமாகியும் தூக்கம் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால் குடும்ப டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆடி லீவை எண்ணுவதில் தப்பில்லை. குற்றாலத்துச் சாரலை நினைக்காத நெல்லைக்காரன் உண்டா? ஆனால் லீவு மூன்று வாரம். மிச்ச மாதங்கள் பூராவும் உங்கள் ஆயுசில்தான் கழிகின்றன. உங்களுக்கு 27 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதங்களை வெறும் காத்திருப்பாகக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்புறம், ஹம் நகரத்து காமாட்சி அம்பாள் கோயில் உங்களுக்கு ரயிலில் பக்கம்தான். ஈழத்துச் சொந்தங்கள் எழுப்பிய கோயில், 2002-ல் குடமுழுக்கு நடந்தது. மே, ஜூன் வாக்கில் தேர் ஓடும், அம்மனைக் கால்வாய்க்குத் தீர்த்தமாட எடுத்துப் போவார்கள். ஆனித் தேருக்கு வடம் பிடித்த கைதானே உங்களுடையது? இந்த வருசம் என்னோடு வாங்க. தேதி தெரிந்ததும் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது. எத்தனை கட்டு வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். நான் அங்கே வந்து சேர்ந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியோடு சாப்பிடலாம். தேங்காய் துருவுகிற வேலை உங்களுக்கு.